அரபு எழுத்தில் ஒரு மருந்துப் போத்தல்

 

அரபுக் கல்லூரியில் ஏழு வருடங்கள் நஹ்வும் ஸர்பும் பிக்ஹும் ஓதி வெளியேறியபோது, மருந்துப் பெட்டி வாசித்துச் சொல்லும் வேலையும் ஒரு நாள் என் தலையில் வந்து விழும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் கந்தப்பளையில் அதுதான் நடக்கிறது. எங்கள் ஊரிலிருந்து சவூதிக்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் போனவர்கள் விடுமுறையில் வரும்போது பேரீச்சம்பழம், தைலம், போர்வை எல்லாவற்றோடும் ஒரு பை மருந்தும் கொண்டு வருகிறார்கள். அங்கே அவர்கள் பட்ட வருத்தத்துக்கு யாரோ கொடுத்து மிஞ்சியது அது. பெட்டியில் அரபு எழுத்து. வாசிக்கத் தெரிந்தவர் யார்? மௌலவி!

எனக்கும் அதில் ஒரு சிறு பெருமை இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. "அக்ராஸ்" என்றால் குளிசை. "ஷராப்" என்றால் பாணி மருந்து. "ஜுர்ஆ" என்றால் ஒரு வேளைக்குரிய அளவு. "ஹஸாஸிய்யா" என்றால் நாம் அலர்ஜி, ஒவ்வாமை என்று சொல்வது. இவ்வளவும் தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் என் மாணவி ஒருத்தியின் உம்மா அஸருக்குப் பின் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சின்னப் போத்தல். "மௌலவி ஸேர், இவங்கட வாப்பா கொண்டு வந்தது. என்ன மருந்தென்டு பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். பார்த்தேன். "ஹஸாஸிய்யா" என்ற சொல் கண்ணில் பட்டது. "இது அலர்ஜிக்கு, தங்கச்சி. தும்மல், மூக்கு ஓடுவது, உடம்பில் தடிப்பு போடுவது, இதுகளுக்கு" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ், சின்னவனுக்கு அதுதானே" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார். என் மனைவி தேநீரை வைத்துவிட்டு, "யாருக்கு என்று கேட்டீங்களா?" என்றார். நான் கேட்கவில்லை.

அவருடைய சின்ன மகனுக்கு அப்போது நான்கு வயது. கந்தப்பளையின் விடியற்காலைப் பனியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பளி காய்வதற்கு வெயில் கிடையாது. சுவரில் ஈரம். அந்தப் பிள்ளைக்குக் காலையில் எழுந்தால் பதினைந்து, இருபது தும்மல். ஆஸ்பத்திரியில் அவனுக்கு முன்பு செட்டிரிசின் பாணி கொடுத்திருந்தார்கள். ஒரு வேளைக்கு அரைத் தேக்கரண்டி. அது முடிந்திருந்தது. புதிய போத்தலும் அதே மருந்துதான். ஆகவே உம்மாவும் அதே கணக்கில் அரைத் தேக்கரண்டி ஊற்றிக் கொடுத்தார். அவர் செய்ததில் என்ன பிழை?

பிழை போத்தலில் எழுதியிருந்தது. நான்தான் அதை வாசிக்கவில்லை. "ஹஸாஸிய்யா"வுக்குக் கீழே சிறிய எழுத்தில் "கத்ராத்" என்றிருந்தது. சொட்டு மருந்து. பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம் மருந்து இருக்கும்; அதாவது ஒரு மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம். செட்டிரிசின் சொட்டு மருந்திலோ ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம். பத்து மடங்கு! அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 5 சொட்டு, அதாவது இரண்டரை மில்லிகிராம் கொடுக்க வேண்டிய இடத்தில் 25 மில்லிகிராம் போய்விட்டது.

மறுநாள் காலை பத்து மணியாகியும் பிள்ளை எழும்பவில்லை. தட்டினால் கண்ணைத் திறந்து மூடுகிறான். உம்மா அலறியடித்துக்கொண்டு முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போத்தலைக் கையோடு கொண்டு போனதுதான் அவர் செய்த மிகப் புத்தியான காரியம். டொக்டர் போத்தலைப் பார்த்தவுடன் விளங்கிக்கொண்டார். ஒரு நாள் வைத்திருந்து பார்த்து, பிள்ளை நன்றாக விழித்துச் சாப்பிட்ட பின் வீட்டுக்கு அனுப்பினார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பின்தான் நான் இந்த மருந்துகளைப் பற்றி டொக்டர்மாரிடமும் மருந்தாளர்களிடமும் கேட்கவும் வாசிக்கவும் தொடங்கினேன். நான் வைத்தியன் அல்ல. எனினும் நீங்கள் ஒவ்வொரு மாதமும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள், உங்கள் அலுமாரியிலும் இந்த மருந்து இருக்கும் என்பதால் இம்மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

நம் உடம்பில் ஹிஸ்டமின் என்றொரு பொருள் இருக்கிறது. தூசியோ மகரந்தமோ பூஞ்சணமோ ஒவ்வாத உணவோ உள்ளே போனால், சிலருடைய உடம்பு அதைப் பகைவன் என்று எண்ணி இந்த ஹிஸ்டமினை வெளியே விடுகிறது. உடனே தும்மல், கண் அரிப்பு, மூக்கில் நீர், தோலில் தடிப்பு. இந்த ஹிஸ்டமின் வேலை செய்யாதபடி தடுப்பவைதான் அலர்ஜிக் குளிசைகள். 1937இல் பாரிஸ் நகரிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் டானியல் போவே என்பவர் இவ்வகையில் முதலாவது பொருளைக் கண்டறிந்தார். 1957இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறகு வந்தவற்றில் ஒன்றுதான் நம் வீடுகளில் எல்லோரும் அறிந்த பிரிட்டன் குளிசை. அதன் மருந்துப் பெயர் குளோர்பெனிரமின்.

பிரிட்டன் நல்ல மருந்து, மலிவான மருந்து. ஆனால் அது மூளைக்குள்ளும் நுழைந்துவிடும். மூளையில் ஹிஸ்டமினுக்கு வேறொரு வேலை உண்டு, நம்மை விழிப்பாக வைத்திருப்பது. அதையும் அந்தக் குளிசை நிறுத்திவிடுவதால்தான் தூக்கம் தூக்கமாக வருகிறது. சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும், இரவு மரக்கறி லொறியை ரம்பொடை வளைவுகளில் இறக்கும் சாரதிக்கும் அந்தத் தூக்கம் விளையாட்டல்ல. அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தார் செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. பழைய வகை அலர்ஜி மருந்தான டைபென்ஹைட்ரமினைக் கொடுத்து, வண்டி ஓட்டுவது போன்ற ஓர் இயந்திரத்தில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். மது அருந்தியவர்களை விட அவர்கள் மோசமாக ஓட்டினார்கள். ஃபெக்ஸோஃபெனடின் என்ற புதிய மருந்தை எடுத்தவர்களோ வெறும் குளிசை விழுங்கியவர்களைப் போலச் சரியாக ஓட்டினார்கள். அதில் என்னை உலுக்கிய விடயம் வேறு. தூக்கம் வருகிறதா என்று அவர்களிடமே கேட்டபோது சொன்ன பதிலுக்கும் அவர்கள் ஓட்டிய விதத்துக்கும் பெரிதாகப் பொருத்தம் இருக்கவில்லை! "எனக்குப் பிரிட்டன் ஒன்றும் செய்யாது மௌலவி" என்று மார்தட்டும் சாரதிமாரின் மனைவிமார் இந்த வரியைத் தங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டவும்.

ஆகவே தூக்கம் தராத குளிசைகள் வந்தது பெரிய நிஃமத்துத்தான். செட்டிரிசின், லொராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் ஆகியவை இன்று அதிகம் பாவனையில் உள்ளவை. இவற்றுள்ளும் வித்தியாசம் உண்டு. செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். ஃபெக்ஸோஃபெனடின் மிகக் குறைவு. ஆனால் இந்தப் பெயரே ஒரு மயக்கத்தையும் உண்டாக்கிவிட்டது. தூக்கம் வராததால் இது மருந்தே அல்ல, இனிப்புப் போல எடுத்துக்கொள்ளலாம் என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். ஒன்றுக்குக் கேட்காவிட்டால் இரண்டு. வேறு மருந்தோடும் சேர்த்து ஒன்று. பக்கத்து வீட்டு மாமிக்கும் ஒன்று.

இந்த எண்ணம் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு ஓர் உண்மை வரலாறு இருக்கிறது. தூக்கம் தராத அலர்ஜி மருந்துகளில் முன்னோடி டெர்ஃபெனடின். அமெரிக்காவில் 1985இல் ஸெல்டேன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. இலட்சக்கணக்கானோர் எடுத்தார்கள். தும்மல் நின்றது, தூக்கம் இல்லை, எல்லோருக்கும் சந்தோஷம். 1990இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றில் 39 வயதுப் பெண் ஒருவரின் விபரம் வெளியானது. அவர் டொக்டர் சொன்னபடி டெர்ஃபெனடின் எடுத்து வந்தார். எட்டாவது நாளளவில் பெண்களுக்கு வரும் ஒரு பூஞ்சணத் தொற்றுக்காக, யாரையும் கேளாமல் தானாகவே கீட்டோகொனசோல் குளிசையையும் விழுங்கத் தொடங்கினார். அதன்பின் நெஞ்சு படபடத்தது, தலை சுற்றியது, மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இருதயத் துடிப்பின் ஒழுங்கே குலைந்து போயிருந்தது.

காரணம் என்ன? டெர்ஃபெனடின் வயிற்றுக்குள் போனதும் குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதியம் அதை வேறொரு பொருளாக மாற்றிவிடும். அலர்ஜியை அடக்குவது அந்த மாறிய பொருள்தான். மாறாமல் அப்படியே இரத்தத்தில் தங்கினால் டெர்ஃபெனடின் இருதயத்தின் மின்னோட்டத்தைக் கெடுக்கும். சாதாரண நாளில் உடம்பே இந்த ஆபத்தைச் சத்தமில்லாமல் நீக்கிக்கொண்டிருந்தது. கீட்டோகொனசோல் வந்து அந்த நொதியத்தின் கையைக் கட்டிப்போட்டது. எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க் கொல்லியும் அதையே செய்யும். பம்பளிமாசு இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் என்ற பழத்தின் சாறும் அதையே செய்யும். அளவுக்கு மேல் எடுத்தாலும், கல்லீரல் பழுதானவர் எடுத்தாலும் அதே கதிதான்.

1992இல் அமெரிக்க மருந்து அதிகார சபை பெட்டியிலேயே கடும் எச்சரிக்கை போட வைத்தது. ஆயினும் டொக்டர் ஒருவர் ஒன்றை எழுத, இன்னொருவர் மற்றதை எழுத, நோயாளி இரண்டையும் விழுங்குவது நிற்கவில்லை. 1996இல் அந்த மாறிய பொருளையே தனி மருந்தாகச் செய்து ஃபெக்ஸோஃபெனடின் என்று கொண்டு வந்தார்கள். இருதயத்துக்கு அந்தத் தீங்கு இல்லை. அலர்ஜிக்கு அதே பலன். அடுத்த ஆண்டு டெர்ஃபெனடினை எடுத்துவிடப் போவதாக அதிகார சபை அறிவித்தது. 1998இன் தொடக்கத்தில் அது அமெரிக்கக் கடைகளிலிருந்து மறைந்தது. அதே குறைபாடுள்ள அஸ்டெமிசோல் 1999இல் போயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் அந்த மருந்து நல்ல பெயரோடு உலாவியதை எண்ணிப் பாருங்கள்.

இன்று நம் கைக்கு வரும் செட்டிரிசினும் லொராட்டடினும் ஃபெக்ஸோஃபெனடினும் இந்த விடயத்தில் பயமற்றவை. சாதாரண அளவில் இருதயத்தைத் தொடுவதில்லை. எனினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு.

பெரியவர்களுக்குச் செட்டிரிசின் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம், ஒரே தடவை. லொராட்டடினும் அப்படியே, 10 மில்லிகிராம் ஒரு தடவை. ஃபெக்ஸோஃபெனடின் மூக்கு அலர்ஜிக்கு 120, தோல் தடிப்புக்கு 180 மில்லிகிராம் என்று எழுதுவார்கள். அதுவும் நாளைக்கு ஒரு தடவைதான். பிரிட்டனைப் போல மூன்று நேரம் எடுக்கும் பழக்கத்தை இங்கே கொண்டு வரக்கூடாது. நீண்ட நாள் தடிப்பு நோய்க்குத் தோல் வைத்தியர்கள் சில வேளை அளவைக் கூட்டி எழுதுவதுண்டு. அது அவர்கள் பரிசோதித்து எடுக்கும் முடிவு. அந்தத் துண்டைப் பார்த்து நாமும் கூட்டிக்கொள்வது பெரும் பிழை.

நீரிழிவாலோ வேறு காரணத்தாலோ சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குச் செட்டிரிசின் உடம்பிலிருந்து வெளியேறத் தாமதமாகும். அளவைப் பாதியாகக் குறைப்பார்கள், சிலருக்குக் கொடுக்கவே மாட்டார்கள். வீட்டிலுள்ள வயதான உம்மாவுக்கு, "எல்லாரும் எடுக்கிறதுதானே" என்று ஒரு முழுக் குளிசையை நீட்டுமுன் அவருடைய கிளினிக் கொப்பியை டொக்டரிடம் காட்டுங்கள். கல்லீரல் நோயுள்ளவருக்கு லொராட்டடினிலும் இதே கவனம் வேண்டும். ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும். தோடம்பழச் சாறு, அப்பிள் சாறு ஆகியவற்றோடு குடித்தால் பாதி மருந்து உடம்பில் சேராமலே போய்விடும். நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த பாணிக்கும் இதற்கும் இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள்.

"மூக்கடைப்புக்கும் சேர்த்து" என்று பாமஸியில் தரும் கூட்டுக் குளிசை இன்னொரு விடயம். அதில் அலர்ஜி மருந்தோடு சூடோஎஃபெட்ரின் போன்ற ஒன்றும் இருக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது கூடாது. உண்மையில் மூக்கு அடைப்புக்கு அலர்ஜிக் குளிசை பெரிதாக உதவுவதுமில்லை. தும்மலுக்கும் அரிப்புக்கும் நீருக்கும்தான் அது. வருடம் முழுக்க அடைத்திருக்கும் மூக்குக்கு டொக்டர் தரும் மூக்கில் அடிக்கும் மருந்து இதைவிடச் சிறந்தது.

பிள்ளைகளுக்கு வருவோம். இரண்டிலிருந்து ஆறு வயது வரை செட்டிரிசின் இரண்டரை மில்லிகிராம் இரண்டு நேரம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை 5 மில்லிகிராம் இரண்டு நேரம். லொராட்டடினை வயதோடு நிறையையும் பார்த்துக் கொடுப்பார்கள். இரண்டு வயதைத் தாண்டிய, 30 கிலோவுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 5 மில்லிகிராம் ஒரு தடவை. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டொக்டர் சொல்லாமல் எதுவுமே இல்லை. இவ்வளவையும் மனனம் செய்ய வேண்டாம். மில்லிகிராம் என்பது மருந்தின் கணக்கு, மில்லிலீற்றர் என்பது தண்ணீரின் கணக்கு என்பதை மட்டும் பிரித்துப் பார்க்கப் பழகினால் போதும். என் கையால் நேர்ந்த பிழை அங்கேதான் இருந்தது. சமையலறைத் தேக்கரண்டியாலும் அளக்காதீர்கள். ஒரு வீட்டுக் கரண்டி மூன்று மில்லி பிடிக்கும், அடுத்த வீட்டுக் கரண்டி ஏழு பிடிக்கும். மருந்தோடு வரும் மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோதான் சரி.

கொழும்புக்கு பஸ்ஸில் போகும்போது பிள்ளை அழாமல் தூங்கட்டும், வாந்தி எடுக்காமல் வரட்டும் என்று பிரிட்டனோ ஃபெனர்கனோ கொடுக்கிற உம்மாமார் நம் ஊரில் இருக்கிறார்கள். கோபிக்க வேண்டாம், நான் சொல்லியே ஆக வேண்டும். ஃபெனர்கன் என்பது புரோமெதசின். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து மூச்சு அடங்கி உயிரிழந்த சம்பவங்களால் 2004இல் அமெரிக்காவில் அந்த வயதினருக்குக் கொடுக்கவே கூடாதென்று எச்சரிக்கை போட்டார்கள். பஸ்ஸில் அழுகிற பிள்ளை அழட்டும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் முதலில் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். பாலூட்டும் தாய்க்குத் தூக்கம் தரும் பழைய மருந்தைவிட லொராட்டடின் அல்லது செட்டிரிசினையே டொக்டர்மார் விரும்புகிறார்கள். பழையது குழந்தையையும் மந்தமாக்கிவிடும்.

இனிப் பெயர் விடயம். ஒரே செட்டிரிசின் எத்தனை கம்பனிப் பெயர்களில் வருகிறது தெரியுமா? ஒரு டொக்டர் ஒரு பெயரில் எழுதித் தந்தார், கட்டாரிலிருந்து இன்னொரு பெயரில் வந்தது, பாமஸிக்காரர் மூன்றாவது பெயரில் தந்தார். மூன்றும் ஒன்றே என்று தெரியாமல் மூன்றையும் விழுங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். இதற்கு மருந்து நம் நாட்டிலேயே ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவர். கம்பனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பொதுப் பெயரைச் சொல்லி வாங்க வேண்டும், தேவையானதை மட்டும் வாங்க வேண்டும் என்பதே அவர் பேசிய பேச்சு. வளரும் நாடுகள் பல அதைப் பார்த்துப் படித்தன. 1977இல் அவர் கயானா நாட்டில் காலமானார். நீங்களும் துண்டு எழுதும் டொக்டரிடம், "பொதுப் பெயரையும் எழுதித் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பெட்டியில் பெரிய எழுத்திலுள்ளது கம்பனிப் பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்திலுள்ளதுதான் மருந்து. அரபுப் பெட்டியிலும் அப்படியே.

நம் மலைநாட்டுக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. குளவி! கொழுந்து பறிக்கும் பெண்களைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும், சில வேளை உயிரே போவதும் நம் தோட்டங்களில் அடிக்கடி கேட்கும் செய்தி. கொட்டிய இடத்தில் மட்டும் வீக்கமும் அரிப்பும் என்றால் அலர்ஜிக் குளிசை உதவும். ஆனால் மூச்சு முட்டினால், தொண்டை இறுகினால், நாக்கோ உதடோ வீங்கினால், உடம்பெல்லாம் தடித்துத் தலை சுற்றி மயக்கம் வந்தால், குளிசை எதுவும் அந்த உயிரைக் காக்காது. அது வேலை செய்யத் தொடங்கவே ஒரு மணித்தியாலம் வரை ஆகலாம். அந்த நேரத்தில் வேண்டியது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. நிறையக் கொட்டியிருந்தால், அலர்ஜி இல்லாதவருக்கும் அந்த விஷமே சிறுநீரகத்தைப் பழுதாக்கும். ஆகவே "பிரிட்டன் ஒன்று கொடுத்திருக்கிறோம், பார்ப்போம்" என்று லயத்தில் படுக்க வைத்திருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரும்வரை ஆளைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டுகிறவர் உட்கார விரும்பினால் உட்காரட்டும். நடக்க வைக்காதீர்கள். இறால், நிலக்கடலை, ஊசி மருந்து எதனால் இப்படி வந்தாலும் இதே சட்டம்தான்.

சூரை மீன் சாப்பிட்டு முகம் சிவந்து தடித்தால் உடனே "மீன் அலர்ஜி" என்று வாழ்நாள் முழுக்க மீனை ஒதுக்கிவிடுகிறோம். கடலிலிருந்து இவ்வளவு உயரத்துக்கு லொறியில் வரும் மீன் ஐஸ் குறைந்தால், அந்த மீனிலேயே ஹிஸ்டமின் உண்டாகிவிடும். சமைத்தாலும் அது போகாது. அன்று சாப்பிட்ட எல்லோருக்கும் வந்ததா, ஒருவருக்கு மட்டும் வந்ததா என்று பாருங்கள். டொக்டருக்கு அந்தத் தகவல் பெரிய உதவி.

நோன்பு காலத்தில் என்னிடம் அதிகம் வரும் கேள்வி: குளிசையை எப்போது எடுப்பது? குளிசை விழுங்கினால் நோன்பு முறியும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மருந்துகள் ஒரு நாளைக்கு ஒன்று என்பதால் சிக்கலே இல்லை. செட்டிரிசினை இஃப்தாருக்குப் பின் இரவில் எடுப்பது நல்லது. சிறிது தூக்கம் வந்தாலும் இரவோடு போய்விடும். மற்ற இரண்டையும் ஸஹரிலோ இஃப்தாரிலோ, தினமும் ஒரே நேரத்தில் எடுங்கள். பகலுக்கும் சேர்த்து என்று ஸஹரில் இரண்டு விழுங்காதீர்கள். மூக்கில் அடிக்கும் மருந்து பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதையும் இரவுக்கு மாற்றிக்கொண்டால் பேச்சுக்கு இடமில்லை. நோன்பில் முட்டு வந்து மூச்சுத் திணறினாலோ குளவி கொட்டினாலோ, மருந்தை எடுத்துவிட்டு நோன்பைப் பின்னர் கழாச் செய்யலாம். அதற்காக மௌலவியைத் தேடி ஓடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மாதக்கணக்காகச் செட்டிரிசின் எடுப்பவர்களுக்கு ஒரு புதிய செய்தி. 2025 மே மாதம் அமெரிக்க மருந்து அதிகார சபை ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. செட்டிரிசினையும் அதன் உறவான லெவோசெட்டிரிசினையும் தினமும் நீண்ட காலம் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தியவர்களில் சிலருக்குச் சில நாட்களுக்குள் உடம்பெங்கும் கடும் அரிப்பு வந்திருக்கிறது. மிக அரிதானது, உலகம் முழுவதிலுமிருந்து இருநூற்றுச் சொச்சம் பேரின் விபரம்தான் அவர்களுக்குக் கிடைத்தது. பயந்து இன்றே நிறுத்திவிடாதீர்கள். அப்படி அரிப்பு வந்தால் பழைய நோய் திரும்பிவிட்டது என்று நீங்களாக முடிவு செய்யாமல் டொக்டரிடம் இந்த விடயத்தைச் சொல்லுங்கள். மருந்தை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்லித் தருவார்.

இப்போதும் பெட்டிகள் என் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. நான் முதலில் கேட்பது, யாருக்கு, என்ன வயது, வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று. பிறகு பெட்டியின் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைக் கேட்பேன். பலர் அதை விமான நிலையத்திலேயே வீசிவிட்டு வருகிறார்கள். வாப்பாமார் தொலைபேசியில் பேசும்போது, பெட்டியையும் தாளையும் அப்படியே கொண்டு வரச் சொல்லுங்கள். வாசித்து, பொதுப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு துண்டில் தமிழில் எழுதிக் கொடுப்பேன். கொடுக்கலாமா, எவ்வளவு கொடுப்பது என்பதை டொக்டரோ மருந்தாளரோ சொல்ல வேண்டும் என்று அதே துண்டின் அடியில் எழுதிவிடுவேன். சிலருக்கு என் மீது வருத்தம். "முந்தியெல்லாம் ஸேர் உடனே சொல்லுவாரே" என்கிறார்கள்.

அந்தச் சின்னப் போத்தலை அதன் உம்மா என்னிடமே தந்துவிட்டார். மேசை லாச்சியில் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரபுப் பாடம் நடத்தும்போது அதை எடுத்து, "கத்ராத்" என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்கச் சொல்கிறேன். கண்டுபிடிக்க அவர்களுக்கும் கொஞ்ச நேரம் எடுக்கத்தான் செய்கிறது.